ஐஸ்காரர்

அவருடைய முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். ராணுவத்தின் ஐஸ் ஹாக்கி அணியில் நான் கோல் கீப்பர். அவர் எனக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர். லடாக்கில் உறைந்துபோன குளங்களின் மேல் பல குளிர்காலங்கள் அப்படியே கழிந்தன. எதிரணிக்காரன் மட்டையை ஓங்கும்போது என் கண்ணில் முதலில் படுவது அவருடைய அகன்ற தோளும், ஹெல்மெட்டுக்குக் கீழே குளிரில் வெடித்துச் சிவந்த பிடரியும்தான். இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்பார். தோளில் மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆளைப்போல அவசரமே இருக்காது.

அவர் கொல்லிமலைக்காரர். நான் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி. எங்கள் ஊரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைதான், ஆனால் நாங்கள் சந்தித்துக்கொண்டது நாட்டின் அந்தக் கோடியில். அணியில் சேர்ந்த முதல் நாள் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து, “ஏனுங்க, கொஞ்சம் நகந்துக்கறீங்களா?” என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தட்டை நீட்டிக்கொண்டு அவர் நின்றிருந்தார். அந்த ‘ஏனுங்க’வைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முதல் அவர் எனக்கு அண்ணன்.

முதல் தடவை விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனபோது வாசலூர்பட்டி தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, பட்டாளத்துக்காரர் வீடு எது என்று விசாரித்தேன். சாலையோரம் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்.

“எந்தப் பட்டாளத்துக்காரருங்க? ஐஸ்காரருங்களா?”

“ஐஸ் விக்கிறவர் இல்லீங்க...”

“விக்கறவரு இல்லீங்க, ஐஸ் மேல ஏறி நின்னு வெளாடறவரு. அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களாமா. அந்தாக்கப் போங்க, மொளகுக்கொடி ஏத்துன சில்வர் ஓக்கு மரம் நிக்கும் பாருங்க, அதுதான் அவுங்க ஊடு.”

ஊர் முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். அவர் ஊருக்கு வருகிற சேதி தெரிந்தால் சின்னப் பிள்ளைகள் பஸ் நிற்கிற இடத்துக்கே ஓடிவந்து, ஐஸ் எங்கே என்று கேட்கும். அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். “கீழ இருந்து வர்றதுக்குள்ள உருகிப்போச்சே சாமி!” பிறகு பையிலிருந்து லடாக்கில் வாங்கிய உலர்ந்த ஆப்ரிகாட் பழங்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்.

அவர் இந்த ஆட்டத்துக்குள் வந்த கதையே ஒரு மொழிபெயர்ப்புக் குழப்பம். அவரே எனக்குச் சொன்னது. அவருடைய பிரிவு லடாக்குக்கு மாறி வந்த புதிதில், அணிக்கு ஆள் தேடி ஒரு ஹவில்தார் வந்தார். அந்த மண்ணிலேயே பிறந்தவர். அவர்தான் அணியின் பயிற்சியாளர். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். அண்ணனுக்கு அப்போது இந்தி ஒரு சொல்கூடத் தெரியாது. அலுவலகத்தில் இருந்த ஒரு தமிழர்தான் நடுவில் நின்று கேட்டுச் சொன்னார்.

“உங்க ஊரு மலையான்னு கேக்கறாரு.”

“ஆமாங்க. மலைதானுங்க.”

“பனி விழுமான்னு கேக்கறாரு.”

“விழுமுங்க. மார்கழி, தையில எதுக்க நிக்கற ஆளு தெரியாதுங்க.”

அந்தத் தமிழர் எந்த ஊர்க்காரரோ, மூடுபனியை உறைபனியாக்கி இந்தியில் சொல்லிவிட்டார். எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி கொட்டுகிற மலை தெற்கே இருக்கிறதா என்று ஹவில்தாருக்கு ஒரே வியப்பு. அங்கேயே பெயரைக் குறித்துக்கொண்டார். மறுவாரம் பிளேடு வைத்த பூட்ஸை மாட்டி ஐஸில் இறக்கிவிட்டார்கள். அண்ணன் எழுந்து நின்ற நேரத்தைவிட விழுந்துகிடந்த நேரமே அதிகம்.

“எங்க ஊருப் பனி வேற பனிங்கன்னு சொல்லலாம்தான்” என்று அண்ணன் சொல்வார். “அதச் சொல்றதுக்கு நான் இந்தி கத்துக்கறதுக்குள்ள ஒரு சீசன் முடிஞ்சுபோச்சு. அப்பறம் சொல்லி என்னத்துக்கு ஆவுது?”

முன்னால் போவதைவிடப் பின்னால் போவது அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. அவர் ஊரில் செங்குத்தான வழுக்குப் பாறையில் பலாப்பழத்தோடு இறங்கும்போது முகத்தை மலைப்பக்கம் வைத்துப் பின்காலால் துழாவித்தான் இறங்குவார்களாம். அது உடம்பில் ஊறிய வித்தை. வருகிற ஆளின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு வந்து வழியை அடைப்பது தடுப்பாட்டக்காரரின் வேலை. ஹவில்தார் அதைப் பார்த்ததும் அவரை எனக்கு முன்னால் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் வேறெங்கும் ஆடவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் ஒரு கோல் போட்டதாகக்கூட எனக்கு நினைவில்லை.

ஒருமுறை பயிற்சியின்போது வேறொரு தடுப்பாட்டக்காரன் அடிக்குப் பயந்து பாதி திரும்பிக்கொண்டான். ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. கெட்டியான கறுப்பு ரப்பர் வட்டு, உறைந்து கல்லாகியிருக்கும். அது அவன் மேல் படவுமில்லை, அவன் மறைத்துக்கொண்டு நின்றதால் என் கண்ணுக்குத் தெரியவுமில்லை. வலையில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. அவனிடம் கோபித்துக்கொண்டேன். அன்று டீ குடிக்கும்போது அண்ணன் அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசினார். எனக்காகத் தமிழில் ஒருமுறை, அவனுக்காகத் தன் மலை இந்தியில் ஒருமுறை.

“வட்டு வர்றப்ப நமக்கு ரெண்டே வேலைதான் கண்ணு. ஒண்ணு, முழுசா நின்னு மேல வாங்கிக்கோணும். இல்லீன்னா முழுசா வெலகிப் பின்னால நிக்கறவனைப் பாக்க உடோணும். பாதி நின்னு பாதி வெலகுனா நம்ம ஒடம்பே அவன் கண்ணுக்குப் படுதா கட்டுன மாதிரி. அதுக்கு நாம ஊட்லயே இருந்துக்கலாம்.”

அவர் முழுசாக நின்ற அடையாளம் அவர் உடம்பெங்கும் இருந்தது. முன்பல் ஒன்று கிடையாது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடங்களில் மேடு தட்டியிருக்கும். வட்டு வந்து மோதும்போது ‘உம்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். உடனே எழுந்துவிடுவார். திரும்பாமலே என்னைக் கேட்பார். “தெரியுதா தம்பி?” முன்னால் யாரும் மறைக்கவில்லையே என்று அர்த்தம். “தெரியுதுங்ணா” என்பேன். ஓர் ஆட்டத்தில் எத்தனையோ தடவை இந்தக் கேள்வியும் பதிலும் நடக்கும். எங்களுக்குள் அதிகம் பேசிக்கொண்ட வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு தடவை எங்கள் இருவரையும் இந்திய அணிக்கு எடுத்தார்கள். வெளிநாட்டில், கூரை போட்ட அரங்கத்துக்குள், இயந்திரம் உறையவைத்த ஐஸில் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தோம். எதிரணிக்காரர்கள் நடக்கப் பழகும் முன்னே சறுக்கப் பழகியவர்கள். கோல் மேல் கோல் விழுந்தது. ஆட்டத்தின் கடைசியான மூன்றாம் பகுதியில் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் தோற்ற முகத்தோடு சும்மா சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் ஆட்டம் சமநிலையில் இருப்பதுபோல ஒவ்வொரு அடிக்கும் குறுக்கே விழுந்துகொண்டே இருந்தார்.

“எதுக்குங்ணா? தோத்தாச்சே” என்று நானே கேட்டுவிட்டேன்.

“தோத்தது வேற. நீ பின்னால நிக்கறே இல்ல?” என்றார்.

ஆட்டம் முடிந்து கைகுலுக்க வரிசையாகப் போனோம். எதிரணியின் தலைவன், மலைபோல இருந்தவன், அண்ணனிடம் வந்ததும் நின்றான். குனிந்து தன் மட்டையால் அவருடைய கால் கவசத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகத் தட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஆட்டத்தில் அதுதான் பெரிய மரியாதை. அண்ணனுக்கு அது தெரியாது. “ஏந்தம்பி, அடிபட்ட காலுன்னு தெரிஞ்சும் அதுலயே தட்டறானுக?” என்று என்னிடம் புலம்பினார். விஷயத்தைச் சொன்னேன். அறைக்கு வந்ததும் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் காலில்தான் கடைசியில் பெரிய அடி விழுந்தது. இடது முழங்கால். அறுவை சிகிச்சை ஆகி, தேறி, மறு குளிர்காலம் திரும்பவும் வந்து நின்றார். வேறொரு படைப்பிரிவோடு ஆட்டம். முடியப்போகிற நேரத்தில் ஒருவன் நேராக அடித்தான். அண்ணன் முன்னால் இருந்தார். அவருடைய முதுகு எனக்குத் தெரிந்த முதுகுதான். ஆனால் வட்டு கிளம்பிய அந்தக் கணம் அது ஒருக்களித்தது. இடது காலைக் காப்பாற்ற உடம்பு தானாகவே திரும்பிவிட்டது. நான் வட்டைப் பார்க்கவே இல்லை. தோற்றுப்போனோம்.

அறையில் எங்கள் அணித்தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். தூங்கினாயா, கண் எங்கே இருந்தது என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன். மூலையில் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து நின்றார். ஒரு கால் பூட்ஸோடு, ஒரு கால் வெறுங்காலோடு.

“அவனக் கேக்காதீங்க. அவனுக்கு ஒண்ணுந் தெரிஞ்சிருக்காது. நாந்தான் பாதியில திரும்பிட்டேன்.”

தமிழில் ஆரம்பித்துவிட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு அதையே இந்தியில் சொன்னார். ஹவில்தார் பக்கத்தில் வந்து, முழங்கால் தேறிவிடும், இன்னும் ஓரிரு வருஷம் ஆடலாம் என்றார். அண்ணன் தலையாட்டி மறுத்தார். முட்டி ஆறிவிடும், பயம் வந்துவிட்டதே, அது ஆறாது என்றார். தான் நிற்கிற இடத்தில் வேறொருவன் நிற்கட்டும் என்றார்.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிளேடில் ஒட்டியிருந்த ஐஸைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்ட ஒன்றுமில்லாமல் போன பிறகும் விரல் நிற்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “இந்தக் காலுக்கு இது போதுங் கண்ணு” என்றார். அடுத்த வருஷமே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு மலைக்கு வந்துவிட்டார்.

நானும் சில வருஷங்களில் திரும்பிவிட்டேன். ராசிபுரத்தில் ஒரு வங்கியில் காவல் வேலை கிடைத்தது. லீவு கிடைத்தால் மலைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

மலையில் அவருக்கு இடமே இல்லாமல் இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். அவர் பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க அண்ணிதான் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். சாமையும் குச்சிக்கிழங்கும் போட்டு, மிளகு ஏற்றி, மகளிர் குழுவையும் சேர்த்திருந்தார். எந்த ஆபீசில் யாரைப் பார்த்தால் என்ன வேலை நடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அதற்கு நடுவில் இவர் வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

ஒரு நாள் நான் போயிருந்தபோது மிளகு வியாபாரி வேன் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அண்ணி உள்ளங்கையில் மிளகை வைத்துத் தேய்த்துக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணி சொன்ன விலைக்கு வியாபாரி இறங்கி வருகிற நேரம். வீட்டுக்குள்ளிருந்து அண்ணன் வேகமாக வந்தார்.

“என்னப்பா, போன வாரம் வேற வெல சொன்னியாமா?”

வியாபாரியின் முகம் மலர்ந்துவிட்டது. “அட, வாங்கண்ணா! உங்ககிட்டப் பேசுனா ஒரு நிமிசத்துல முடிஞ்சுரும்” என்று அவர் தோளில் கைபோட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் அண்ணியின் பக்கம் பார்க்கவே இல்லை. அண்ணி கையிலிருந்த மிளகைச் சாக்கில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோது களியைத் தட்டில் வைத்துக்கொண்டே அண்ணி சொன்னார்: “நீங்க கேட்டது ஒண்ணும் தப்பில்லீங்க. ஆனா நீங்க முன்னால வந்து நின்னீங்கன்னா அப்பறம் யாரு கண்ணுக்கும் நாந் தெரியறதில்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. குழம்பு ஊற்றட்டுமா என்பதுபோலச் சொன்னார். அண்ணனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. என்னை ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு மிளகு வியாபாரி வந்தால் அவர் கிழங்குக் காட்டுப் பக்கம் போய்விடுவார் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அவர்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் அண்ணனைத் தேடி வந்தார்கள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

“அம்மிணி பேருக்கு நிக்கட்டுங்க. பட்டாளத்துல இருந்த மனுசன், நாலு எடம் பாத்தவரு. மத்ததெல்லாம் நீங்களே பாத்துக்கலாம்” என்றார் ஒருவர்.

அண்ணன் அடுப்பங்கரைப் பக்கம் கையைக் காட்டினார்.

“அவ நிக்கறதா இருந்தா அவளையே கேளுங்க. நின்னா அவதான் நிப்பா. என்னையுஞ் சேத்து நிக்கவெக்காதீங்க.”

வந்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. அண்ணி அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நான் நிக்கறனுங்க” என்றார், யாரும் கேட்காமலே.

ஜெயித்தார். முதல் கூட்டத்தன்று ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் போட்டுவைத்திருந்தார்களாம். யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் உள்ளே போனார், அந்த இரண்டாவது நாற்காலியைத் தூக்கினார், வெளியே கொண்டுவந்து மனுவோடு நின்றிருந்த ஒரு பெரியவருக்குப் போட்டுக் கொடுத்தார். பிறகு சாலையைத் தாண்டி எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். தினமும் அண்ணியைப் பைக்கில் கொண்டுவந்து விடுவதும், அந்த பெஞ்சில் காத்திருப்பதும் அவருக்கு வேலையாகிவிட்டது. யாராவது அவரிடம் வந்து தெருவிளக்கு, தண்ணீர் என்று ஆரம்பித்தால், “உள்ள தலைவர் இருக்காங்க, போய்ப் பாருங்க” என்று கையைக் காட்டிவிடுவார். சிலருக்கு அவர் மேல் வருத்தம்கூட உண்டு. பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று பேசிக்கொண்டார்கள்.

அவரை நான் கடைசியாகப் பார்த்ததும் அந்த பெஞ்சில்தான். காலை வேளை. மூடுபனி இன்னும் விலகவில்லை. இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு ஜீப் வந்து நின்றது. கீழிருந்து வந்த கான்ட்ராக்டர் இறங்கினார். மேல்தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டவர். குழாய் இருக்கிறது, தண்ணீர் ஏறவில்லை. வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட அண்ணி மறுத்துவிட்டிருந்தார்.

“அண்ணா, உள்ள வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க” என்றார் அவர்.

“தலைவர் உள்ள இருக்காங்க.”

அவர் முறைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. முதலில் சாதாரணமாக. பிறகு மேஜையைத் தட்டுகிற ஓசை. அப்புறம் சாலை முழுக்கக் கேட்கும்படி, “பொம்பளகிட்டயெல்லாம் என்னத்தப் பேசறது? உங்க ஊட்டுக்காரரக் கூப்புடுங்க மொதல்ல!”

டீக்கடையில் இருந்த எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். நான் பாதி எழுந்துவிட்டேன். அண்ணன் என் தொடைமேல் கையை வைத்து அழுத்தி உட்காரவைத்தார். அவருடைய கண் அலுவலக வாசலை விட்டு நகரவில்லை. இரண்டு பாதங்களும் தரையில் ஊன்றி, குதிகால் மட்டும் எழுந்திருந்தது.

பிறகு அண்ணியின் குரல். சத்தமில்லாமல், ஆனால் தெளிவாக.

“ஊட்டுக்காரரு ஊட்டுக்குத்தானுங்க. ஆபீசுக்கு நாந்தான். மேல்தெருவுல தண்ணி வர்ற அன்னிக்குக் கையெழுத்து. உக்காந்து பேசறதா இருந்தா உக்காருங்க, இல்லீன்னா போயிட்டு வாங்க.”

கொஞ்சம் பொறுத்து, சிமெண்ட் தரையில் நாற்காலி இழுபடுகிற ஓசை கேட்டது. கான்ட்ராக்டர் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே மறுபடி டீயை ஆற்றினார். அண்ணனின் குதிகால் மெல்லத் தரைக்கு வந்தது. அந்தக் குளிரில் அவருடைய நெற்றியும் கழுத்தும் வேர்த்திருந்தன. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார்.

“அங்கெல்லாம் வட்டு வந்து மேல படும் தம்பி. வலிக்கும், தாங்கிக்கலாம். இது என்னமோ, மேல படாமப் போறதத் தாங்கறதுதான் பெரும்பாடா இருக்குது.”

இன்னொரு டீ சொன்னேன்.

அது வருவதற்குள் அண்ணி வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தார். “இன்னும் இங்கயேதான் உக்காந்திருக்கீங்களா? ரேசன் கட சாத்திருவாங்க, போங்க.”

“போறனுங்க தலைவரே” என்று எழுந்தார். பைக்கின் கண்ணாடியில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு, இடது காலைச் சற்று இழுத்தபடி, மூடுபனிக்குள் நடந்துபோனார்.